பதின்மூன்றாம் எண் சென்சார்

ஜன்னலே இல்லாத கூடத்தில் பயிர் வளர்க்கிறார்கள் என்றால் யாரும் சட்டென்று நம்பமாட்டார்கள். ஆளுயர அடுக்குகள், ஊதா விளக்குகள், குழாயில் சத்துநீர். அங்கே நாற்று நடுபவளை எல்லோரும் கீரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது. செடியோடு பேசுவாள், விசிறியோடு சண்டை பிடிப்பாள். வீட்டுக்குப் போனால்தான் பேச்சுக்குப் பதில் கிடையாது.

வீட்டில் கணவர் இருக்கிறார். பஸ் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. "நான் வர்றதும் போறதும் அவருக்குத் தெரியுதான்னே தெரியல" என்று ஒருநாள் கூடத்தில் சொன்னாள். அன்றைக்கு மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

எதிர்வீட்டு அக்கா மூன்று மணிவரை பார்த்துக்கொள்வார். பிறகு கீரையக்கா வரும் ஆறு மணிவரை கணவர் தனி. ஒருநாள் கரண்ட் போய் விசிறி நின்று, தலையணைவரை வியர்வையில் நனைந்து கிடந்தார். மறுநாள், கூடத்தில் சூடு, வெளிச்சம் எல்லாம் அளக்கும் பேட்டரி சென்சார்களில், மேலோடு விரிசல் விட்டதென்று கழித்துப் போட்டிருந்த பதின்மூன்றாம் எண்ணைக் கீரையக்கா பையில் போட்டுக்கொண்டாள். திருட்டுத்தான், வேறென்ன சொல்வது? மாட்டும் வித்தையை, கூடத்தின் இளம் இன்ஜினியர் பெண் செய்வதைப் பார்த்தே கற்றிருந்தாள். கட்டிலருகே மாட்டி, கரண்ட் போனாலும் இன்வர்ட்டரில் ஓடும் எதிர்வீட்டு வைஃபையில் கோத்துவிட்டாள். வேலைக்கு நடுவே போனில், கூடத்து ஆப்பைத் திறந்து பதின்மூன்றாம் எண்ணைப் பார்ப்பாள். சூடு ஏறினால் எதிர்வீட்டுக்கு ஒரு போன் போகும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கூடத்தைத் தானாக இயங்க வைக்கும்வரை. எந்த சென்சார் அதிகச் சூடு காட்டுகிறதோ, அதைப் பார்த்து இயந்திரமே இனி குளிர்விக்கும், நீர் தெளிக்கும். நான்காம் நாள் நாற்றெல்லாம் வேரழுகிச் சாய்ந்தன. அந்தத் தானியங்கி ஏற்பாடுதான் இன்ஜினியர் பெண் தனியாகச் செய்த முதல் வேலை. பன்னிரண்டு அடுக்குகளின் பன்னிரண்டு சென்சார்களையும் சோதித்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி நின்றாள். அடுக்கே இல்லாத பதின்மூன்று அவள் திரையில் தெரியாது.

கீரையக்காவுக்கு அப்போதுதான் பொறிதட்டியது. அங்கே அவருக்குப் புழுங்கியதற்கெல்லாம் இங்கே கீரைக்கு விசிறி சுழன்று, நீர் கொட்டியிருக்கிறது! சொன்னால் சென்சாரும் போகும், வேலையும் போகும். சொல்லாவிட்டால் பழி இந்தப் பெண் தலையில் விழும். பகலெல்லாம் மென்று முழுங்கிவிட்டு, சாயங்காலம் அவள் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"அழாதம்மா. நீ செஞ்சதெல்லாம் சரிதான். பதிமூணு என் வீட்ல இருக்கு. எடுத்துட்டுப் போனது நான்தான்."

எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் திரையில் சென்சார் பட்டியலைத் திறந்தாள்.

"கழிச்சுப் போட்டத மெஷினோட லிஸ்ட்லேருந்து எடுக்காதது என் தப்புக்கா. இப்ப எடுத்துடறேன். உங்க போன்ல மட்டும் தெரியட்டும், அது அங்கயே இருக்கட்டும்."

அதற்குள் அந்தப் பெண் பதின்மூன்றின் பதிவுகளைத் திரையில் விரித்திருந்தாள்.

"ஆமா, தினமும் அஞ்சே முக்காலுக்கு அந்த ரூம்ல யாரு லைட் போடறது? இதோ, வெளிச்சம் ஏறுது பாருங்க."

சூட்டைத் தவிர வேறெதையும் கீரையக்கா பார்த்ததே இல்லை. "எதிர்வீட்டக்கா போட்டுட்டுப் போவாங்க."

"அவங்கதான் மூணு மணிக்கே போயிடறாங்களே?"

ஸ்விட்ச் கட்டிலுக்கு இடப்பக்கம். அவருக்கு நல்ல கை இருக்கும் பக்கம். கீரையக்கா தினமும் ஆறு மணிக்கு வீடு சேர்வாள்.

"போன செவ்வாய்க்கிழமை வேலை முடிய எட்டாச்சு" என்றாள் மெல்ல. "அன்னைக்கு என்ன இருக்குன்னு பாரும்மா."

அன்றும் ஐந்தே முக்காலுக்கு விளக்கு எரிந்திருந்தது. ஆறேகாலுக்கு அணைந்து எரிந்தது. மறுபடி அணைந்தது, மறுபடி எரிந்தது. எட்டு மணிவரை கோடு ஏறி ஏறி இறங்கியிருந்தது.

"உங்களத் தேடியிருக்காருக்கா."

கீரையக்கா கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. திரையின் ஓரத்தில் இன்றைய கோடு கீழேயே ஊர்ந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்தே முக்கால் ஆனதும் அது சட்டென்று மேலே ஏறியது.

"போட்டுட்டாரும்மா" என்றவள், கையுறையைக் கழற்றக்கூட நிற்காமல் வாசலுக்கு ஓடினாள்.