கண்டக்டர் முனிரத்தினத்தின் இரண்டு பற்கள்

"சோளம் கடிக்கிற வயசாம்மா இது?" என்று என் மகள் கேட்டது நியாயம்தான். ஆனால் ஆசை யாரை விட்டது? போன வாரம் மலையடிவாரத்தில் சுட்ட சோளம் வாங்கிக் கடித்தேன். கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்த மேல்வரிசைப் பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. அதற்குப் பக்கத்துப் பல் போன வருடமே விடைபெற்றுக்கொண்டது. ஆக, சிரித்தால் கதவில்லாத வீடு. மகள் என்னை இழுத்துக்கொண்டு புதிதாகத் திறந்திருக்கும் பல் மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கிருந்த இளம் டாக்டர் திரையில் மூன்று விதமான செட்டுப் பல்லைக் காட்டினார். ஒன்று பிளாஸ்டிக், ஒன்று வளைகிற மாதிரி, ஒன்று மெட்டல். விலை படி ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போனது. "ரெண்டு பல்லுக்கா இவ்ளோ?" என்று மகள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தபோது உள்ளே யாரோ ஒரு புட்டியைத் திறந்தார்கள். கிராம்புத் தைல வாசனை. அவ்வளவுதான், நான் அந்த நாற்காலியில் இல்லை.

ஏனென்றால் அதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். பி.காம். முடித்த கையோடு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழே பூசைச் சாமான் கடை. அங்கிருந்து விபூதி வாசனையும் மேலிருந்து கிராம்புத் தைல வாசனையும் மாடிப்படியின் நடுவில் சந்தித்துக்கொள்ளும். இன்றைக்கும் யாராவது விபூதி பூசிவிட்டால் எனக்குப் பல் லேசாகக் கூசும். சொன்னால் சிரிப்பீர்கள்.

டாக்டரம்மா அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருவார். பின்னறையில் ரஹீம் பாய். செட்டுப் பல் செய்கிறவர் அவர்தான். நாற்பது வயதிருக்கும், கெட்டிக் கண்ணாடி, அளந்து பேசுவார். பெயர் எழுதுவது, ஆளைக் கூப்பிடுவது, மொட்டை போட்டுச் சந்தனம் பூசி மலையிறங்கி வரும் ஆந்திரக்காரர்களின் பல்வலியைத் தெலுங்கில் விசாரிப்பது எல்லாம் என் வேலை. எங்கள் ஊரில் தெலுங்கு தெரியாதவர் யார்? ஆனால் வாய்க்குள் இருப்பதற்கெல்லாம் தெலுங்கில் என்ன பெயர் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

விலை சொல்வதும் நான்தான். டாக்டரம்மாவுக்குப் பணம் பேச வராது. நான் ஒரு அட்டையில் கோடு போட்டு, சிவப்பு மையில் எழுதி மேசைக்கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். வருகிறவர் சட்டையைப் பார்ப்பேன், செருப்பைப் பார்ப்பேன், எதைச் சொல்லலாம் என்று நானே முடிவுசெய்வேன். ஏழைக்குக் குறைந்த விலையைக் காட்டுவதுதான் புண்ணியம் என்று நினைப்பு. இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை.

அப்படி ஒரு நாள் வந்தவர்தான் முனிரத்தினம். பள்ளிப்பட்டு போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒல்லியான ஆள். குறுக்கே ஆடு வந்து டிரைவர் பிரேக் போட்டதில், முன்கம்பியில் மோதி மேல்வரிசை முன்பல் இரண்டு போய்விட்டது. புண் ஆறிய பிறகு வந்திருந்தார்.

"அழகுக்கு இல்ல மேடம். எனக்கு இன்னா கல்யாணமா ஆவப்போவுது? விசில் நிக்க மாட்டேங்குது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவருடைய செருப்பில் ஊக்கு குத்தியிருந்ததைப் பார்த்தேன். அட்டையில் கடைசி வரியைக் காட்டினேன். பிளாஸ்டிக் தகட்டில் இரண்டு பல். பக்கத்துப் பல்லைப் பிடிக்கக் கொக்கிகூடக் கிடையாது, மேலண்ணத்தில் அப்படியே ஒட்டி நிற்கும். "உங்களுக்கு இதுவே போதும்ண்ணா" என்றேன். விசிலைப் பற்றி டாக்டரம்மாவிடமோ பாயிடமோ நான் சொல்லவேயில்லை. பத்து நாளில் பல் வந்தது. கண்ணாடியில் பார்த்து அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், காக்கிச் சட்டையோடு மேலே வந்தார். விசிலையும் பல்லையும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

நடந்தது இதுதான். கே.ஜி.கண்டிகை நிறுத்தம். ஒரு அம்மாள் கூடையோடு இறங்கிக்கொண்டிருக்கிறார். அவர் இறங்கிவிட்டார் என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுக்கிறார். முனிரத்தினம் நிறுத்தச் சொல்லி ஓங்கி ஒரு விசில் ஊதப்போக, ஊதிய வேகத்தில் தகடு கழன்று, விசிலும் பல்லும் சேர்ந்து காலடியில் விழுந்துவிட்டன. சத்தமே வரவில்லை. அந்த அம்மாள் ரோட்டில் விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று.

"பின்சக்கரம் ஒரு சாண் தள்ளித்தான் மேடம் போச்சு. ஓனரு இன்னொரு தபா ஆச்சுன்னா வண்டில ஏறாதன்ட்டாரு. அவரு இன்னா சொல்றது, நானே ஏற மாட்டேன். கண்ண மூடினா அந்தம்மா வுழுந்துகினே கீது" என்றார். என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பின்னறையிலிருந்து ரஹீம் பாய் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வெளியே வந்து விசிலை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "காலைல மொத ட்ரிப்பு எத்தினி மணிக்கு?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வாம்மா. வெல சொல்ற பொண்ணு நீதான?" என்றார். அதைவிட அறைந்திருக்கலாம்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினோம். பாய் டிக்கெட் வாங்கினார், எனக்கும் சேர்த்து. முனிரத்தினத்துக்கு நேர் எதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் வாயையே பார்த்தபடி வந்தார். பார்த்தவர்களெல்லாம் ஏதோ தகராறு என்று நினைத்திருப்பார்கள். முனிரத்தினம் அன்று பல் இல்லாமல், உதட்டால் விசிலைக் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது நழுவ, கையால் பிடித்துப் பிடித்து ஊதினார். ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கை மேல்கம்பியில். விசிலைப் பிடிக்கக் கம்பியை விட்டால் அவரே விழுவார்.

அதுவரை எத்தனை ஆயிரம் முறை பஸ்ஸில் போயிருப்பேன்! ஒரு கண்டக்டரின் வாயை நான் பார்த்ததில்லை. விசில் எந்தப் பக்கம் நிற்கிறது, ஊர்ப் பெயரைக் கூவும்போது நாக்கு அதை எங்கே ஒதுக்குகிறது, பள்ளத்தில் இறங்கும்போது தாடை எப்படி இறுகுகிறது. நிறுத்த ஒன்று, கிளம்ப இரண்டு. அந்த இரண்டு கட்டளையில் ஐம்பது பேருடைய கைகால் அடங்கியிருக்கிறது. எனக்கு மலைப்பாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, ஏனென்றால் அதை ஓர் அட்டையின் கடைசி வரியில் நான் முடித்துவைத்திருந்தேன்.

பள்ளிப்பட்டில் இறங்கி டீ குடித்தோம். பாய் அன்றைக்குத்தான் என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினார்.

"பல்லு வெல ரொம்பக் கம்மிம்மா. பொட்டில வாங்கினு வரது, அட்டைல ஒட்டிக் கெடக்கும். அது நிக்கிற எடத்துக்குத்தான் வெல. பக்கத்துப் பல்லு நாலும் இதுக்குத் தோள் குடுக்கணும், ஆனா அதுங்களுக்கு நோவக்கூடாது. ஈறு அழுத்தக்கூடாது. அவுரு ஊதனா நவுரக்கூடாது. ஒனக்குப் புரிதா?"

"ஆங்" என்றேன். புரியவில்லை. அடுத்த ஒன்றரை மாதத்தில்தான் புரிந்தது.

டாக்டரம்மா பக்கத்துப் பற்களில் அரிசி முனையளவு இடம் தேய்த்துக் கொடுத்தார், மெட்டல் கால் வைத்து உட்கார. அளவு இரண்டு முறை எடுத்தார்கள். வாயை மூடி, விசிலைக் கடித்து ஒன்று, கடிக்காமல் ஒன்று. பாய் மெழுகில் செய்த வடிவத்தை ஒரு டிபன் பெட்டியில் பஞ்சுக்கு நடுவே வைத்து, உலோகம் வார்க்கும் பட்டறைக்காக மெட்ராஸுக்கு ரயிலேறினார். உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் தோள் இடிக்குமாம். மணவூர் தாண்டிக் கூட்டம் குறையும்வரை கதவோரம் நின்றுகொண்டே போனாராம். வந்த தகடு முனிரத்தினத்தின் வாயில் ஒரு மயிரிழை ஆடியது. எங்கள் கண்ணுக்கு அது தெரியவேயில்லை. பாய் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் மெழுகிலிருந்து ஆரம்பித்தார். விலையில் ஒரு காசு ஏற்றவில்லை.

விலை என்னவோ முனிரத்தினத்தின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். இந்த முறை வேலை தொடங்கும் முன் நான் அட்டையைக் காட்டவில்லை. எதற்கு எவ்வளவு, ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "செய்ங்க மேடம்" என்றார்.

பல் பொருத்திய அன்று, "ஊதிப் பாருப்பா" என்றார் பாய். முனிரத்தினம் விசிலைக் கவ்வி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஊது. காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கீழே ரோட்டில் ஒரு ஆட்டோ பிரேக் போட்டது. பல் அசையவில்லை. அவர் மறுபடி ஊதினார். மறுபடி. அழுதுகொண்டே ஊதினார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாய் மட்டும் குனிந்து வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அந்த பஸ்ஸில் பலமுறை போனேன். கண்டிகையில் அவர் படிக்கட்டுவரை இறங்கி வந்து, கடைசிக் கால் தரையில் பட்ட பிறகுதான் இரட்டை விசில் கொடுப்பார். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும்.

இப்போது அந்த மாடியில் செல்போன் கடை. டாக்டரம்மா மகனோடு வெளிநாடு போய்விட்டார். பாய் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. புதுப் பேருந்துகளில் கதவு தானாக மூடிக்கொள்கிறது. இளம் டாக்டர் என் வாய்க்குள் ஒரு குழலை விட்டுச் சுற்றினார், என் பல்வரிசை திரையில் வந்து நின்றது. அதைக் கம்பியில்லாமலே ஏதோ ஓர் ஊருக்கு அனுப்பிவிடுவாராம். அதுவும் அதிசயம்தான், குறை சொல்ல மாட்டேன். "மெட்டலே போட்டுடுங்க" என்றேன். மகள் என்னை முறைத்தாள். அவளிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் அந்த வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்பு, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் படியேறி வந்தார். கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தார். அந்தப் பல்.

"எங்க பாவாவோடதுங்க, அக்கா வூட்டுக்காரரு. முனிரத்தினம், கண்டக்டரு. காய்ச்சல்ல போய்ட்டாரு, ஒரு மாசம் ஆவுது. ஆஸ்பத்திரில கழட்டிக் குடுத்தாங்க" என்றார். பிறகு வெட்கத்தோடு வாயைத் திறந்து காட்டினார். "எனக்கும் அதே எடத்துல ரெண்டு இல்லீங்க. எங்க அக்காதான் சொல்லிச்சு, எவ்ளோ செலவு பண்ணிப் போட்டது, வீணாப் போவக்கூடாது, நீ போட்டுக்கடான்னு. கொஞ்சம் ராவிக் குடுத்தீங்கன்னா..."

பாய் உள்ளே போய், பழைய அச்சுகளுக்கு நடுவே தேடி, முனிரத்தினம் என்று பெயர் எழுதிய, அவர் பல்வரிசையின் மாவு அச்சைக் கொண்டுவந்தார். பல்லை அதில் வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்து உதறினார். விழவில்லை.

"இது அவரு வாய்க்குப் பண்ணதுப்பா. ஒனக்கு ஒக்காராது."

அந்த மனிதர் அச்சை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஓரத்தில் கோணலாக இருந்த ஒரு பல்லை விரலால் தடவினார். "ஆங், பாவாவுக்கு இது கோணலாத்தான் இருக்கும்" என்றார். அச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்போ இது இனிமே யாருக்குமே ஆவாதுங்களா?" என்று கேட்டார்.

"ஆவாதுப்பா" என்றார் பாய்.

அது எதற்காக அவ்வளவு விலை என்பது எனக்கு முழுக்கப் புரிந்தது அந்த நிமிடம்தான். உலகத்தில் அது பொருந்த ஒரே ஓர் இடம் இருந்தது. அதை ஒரு மாதத்துக்கு முன்பு எரித்துவிட்டார்கள்.