சாச்சி கழுவச் சொன்ன குடல்

ஒன்பதாவது படிக்கும் என் பேத்தி பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “குடலுக்கு உள்பக்கம் ‘செல்’லுங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இறுக்கி ஒட்டிக்கினு கீது, நன்னிமா. நடுவுல ஒரு சொட்டு ஒழுகாது!”

என் விரலுக்கு அது சின்ன வயதிலேயே தெரியும். தாயில்லாத என்னைப் பூந்தமல்லியில் வளர்த்தவள் சித்தப்பாவின் மனைவி, எங்கள் சாச்சி. ஐந்தாவது முடித்த மறுநாளே பையைப் பிடுங்கிக்கொண்டு, ஆட்டுக்குடல் சட்டியை என் முன்னால் வைத்தாள். குச்சியால் குடலைத் திருப்பி, சுண்ணாம்பு தடவிச் சுரண்டுவேன். வழவழவென்ற உள்தோல் லேசில் பிரியாது. கையில் ஏறிய நாற்றம் சோற்றிலும் வரும்.

“ஆறாவது போறேன் சாச்சி” என்று ஒருமுறை கெஞ்சினேன்.

“போய் இன்னா, டாக்டரா ஆவப் போறே? நல்லா சுரண்டுடி!” என்று சிரித்தாள்.

போன வாரம் சாச்சி இறந்துபோனாள். மையத்தை, அவள் உடலை, அடக்கத்துக்கு எடுக்கும்முன் அவள் மகன் எங்கள் வழக்கப்படி, “எங்கம்மா யாருக்கு இன்னா தப்பு பண்ணியிருந்தாலும் மன்னிச்சிடுங்க” என்று கேட்டான். பெண்கள் எல்லோரும் “மன்னிச்சிட்டோம்” என்றார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. கூச்சக்காரி, அதனால் பேசவில்லை என்று நினைத்திருப்பார்கள். அன்று எனக்குக் கூச்சமே இல்லை.