ஓரகத்தி எடுத்த படம்

என் ஓரகத்தி இலக்கியா இப்போது டைரக்டர். கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவர்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். கொழுந்தன் தமிழரசனைக் கட்டிக்கொண்டு மணலூர்பேட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் பிளஸ் டூ ஃபெயில். நான் பி.ஏ. தமிழ். நான் சொல்லாவிட்டால் இதை வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருந்தது குரல். திருநாவலூரில் நான் பெரிய மனுஷி ஆவதற்கு முன்பே கோயில் திருவிழா மைக் என் கையில்தான் இருக்கும். குழந்தையைக் காணவில்லை என்று நான் அறிவித்தால், அந்தக் குழந்தையைப் பெற்றவளே ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் ஓடிவருவாள். ரேடியோவில் அறிவிப்பாளர் ஆகவேண்டும் என்று கிடையாய்க் கிடந்தேன். கல்யாணமான புதிதில் அதற்கான தேர்வுக்குக் கடிதம்கூட வந்தது. மாமியார் ஆண்டாள், “கரும்பு வெட்டு வர்ற நேரத்துல இன்னா ரேடியோ?” என்றார். என் வீட்டுக்காரர் காசிநாதன் தரையைப் பார்த்தார். அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு என் குரல் கொல்லைக்கு அந்தப்பக்கம் மோட்டார் கொட்டாயில் இருக்கிறவரைக் கூப்பிடத்தான் ஆயிற்று.

இலக்கியாவுக்கு இது ஆரம்பித்தது ஒரு சீத்தாப்பழக் கூடையில். கல்வராயன் மலையிலிருந்து இருசாயி என்று ஒருத்தி காலை பஸ்ஸில் பழக்கூடையோடு இறங்குவாள். பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் விற்றுவிட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் ஏறிப் போவாள். அந்த பஸ்ஸை நாங்கள் மலைவண்டி என்போம். பழம் வாங்கப் போன இலக்கியா, பழத்தை விட்டுவிட்டு இருசாயியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். போனை நட்டுக்க நிற்கவைத்து எடுத்திருந்தாள். படத்தில் இருசாயிக்குக் கூடையும் இல்லை, காலும் இல்லை. நான் சிரித்தேன். அவளும் என்னோடு சேர்ந்து சிரித்தாள். எனக்குப் பிடிக்காத குணம் அது.

மறுநாள் போனைப் படுக்கவைத்து எடுத்தாள். இந்தத் தடவை இருசாயி விஷயம் தெரிந்து புதுப்புடவை கட்டிக்கொண்டு, கல்யாணப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அடுத்தது காற்று. இருசாயியோடு மலைவண்டி ஏறிப் போய் மலைமேல் எடுத்ததெல்லாம் ஒரே இரைச்சல். அதற்கு யாரோ போனில் சொல்லிக்கொடுத்தார்களாம், மைக்குக்குத் துணி சுற்றவேண்டும் என்று. சுற்றியது என் சால்வையைக் கிழித்து. கிழிந்த சால்வைதான், ஆனாலும் என்னுடையது.

மாமியார் நாலு வார்த்தை கேட்பார் என்று ஆசையோடு காத்திருந்தேன். கேட்டார். “இன்னாடி, எந்நேரமும் போனும் கையுமா சுத்திக்கினு கீற?” என்றார். சரி, ஆரம்பமாகிவிட்டது என்று அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். இலக்கியா பக்கத்தில் உட்கார்ந்து, தான் எடுத்ததை ஓட்டிக்காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மாமியார் எழுந்துபோய் நெல் அளக்கிற படியை எடுத்துவந்து, “கை நடுங்குது பாரு. இதும்மேல வச்சி எடு” என்று கொடுத்தார். எனக்கு ரேடியோ இல்லை. அவளுக்குப் படி. அன்று குழம்பில் உப்பு ஜாஸ்தியாகிவிட்டது.

அவள் மலைவண்டி ஏறிப் போன நாளெல்லாம் அவள் பங்கு இட்லியையும் நான்தான் ஊற்றினேன். சுட்ட கையோடு ஒருநாள், அவள் குளிக்கப் போயிருந்த நேரம், போனை எடுத்துப் பார்த்தேன். மொக்கையாக இருக்கும், மனசு ஆறும் என்று நினைத்தேன். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறது. இருசாயி தலை சாய்ந்து நன்றாகத் தூங்குகிறாள். ஆனால் அவள் கால் மட்டும் தூங்கவில்லை. காலிக்கூடை சரியும்போதெல்லாம் கால் நகர்ந்து அணைகொடுக்கிறது, முகம் தூங்கிக்கொண்டே இருக்கிறது. நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் நான் அவளுக்கு எவ்வளவோ நல்ல அக்காவாக இருந்திருப்பேன்.

மழை முடிவதற்குள் படத்தைப் போனிலேயே வெட்டி ஒட்டி முடித்தாள். கள்ளக்குறிச்சியில் ஆவணப்படப் போட்டி ஒன்று நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டிருந்தாள். படத்தின் மேல் பேசுவதற்கு ஒரு விளக்கவுரையும் எழுதி என்னிடம் கொண்டுவந்தாள். இதற்குத்தான் நான் காத்திருந்தேன்.

“அக்கா, நீங்கதான் பேசணும். உங்க கொரலு யாருக்கு வரும்?”

“எம் பேரு எங்க வரும்?”

“குரல்னு போட்டு, கடைசில போடறேன்க்கா.”

“மொதல்ல போடு. உம் பேருக்கு முன்னாடி.”

அவள் விழித்தாள். “அது எப்பிடிக்கா? எடுத்தது நானு. வேணும்னா ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல போட்டுடட்டுமா?”

“முன்னாடி வந்தா பேசறேன். இல்லாங்காட்டி கொரலே வேணாம். வுடு.”

எப்படியும் திரும்பி வருவாள் என்று எனக்கு நிச்சயம். அன்று பூராவும் சுவருக்கு அந்தப்பக்கம் அவளே பேசிப் பார்ப்பது கேட்டது. ஜலதோஷம் பிடித்த மூக்கால் பேசுகிற குரல். கேட்கக் கேட்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பிறகு தமிழரசனைப் பேசவைத்தாள். ரேஷன் கடையில் நம்பர் கூப்பிடுகிற மாதிரி அவன் வாசித்தான். அதற்கப்புறம் சத்தமே இல்லை. நான் தொண்டைக்கு இதமாக மிளகுப்பால் போட்டுக் குடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் வரவில்லை. குரல் இல்லாமலே படத்தை அனுப்பிவிட்டாள்.

போட்டி அன்று மண்டபத்துக்குக் குடும்பத்தோடு போனோம். நான் பட்டு கட்டிக்கொண்டேன். படம் ஊத்திக்கொள்ளும், அப்போது ஆறுதல் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா என்றுதான் போனேன். விளக்கை அணைத்தார்கள். மலைவண்டி கியர் மாற்றி முனகுகிறது, கூடை கிறீச்சிடுகிறது, இருசாயி விலை சொல்கிறாள், மறுபடி மலைவண்டி. எங்கே எந்த வரி வரவேண்டுமோ அங்கே மனசுக்குள் நான் பேசிக்கொண்டே வந்தேன். பேசியிருந்தால் இன்னும் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

முதல் பரிசு அவளுக்கு. ஒரு கேமரா. மெட்ராஸிலிருந்து வந்திருந்த தாடிக்கார நடுவர் மைக்கைப் பிடித்தார். “முதல் படத்திலேயே பின்னணிக் குரலை வேண்டாம் என்று தூக்கிப்போட ஒரு துணிச்சல் வேண்டும். பத்துப் படம் எடுத்தவர்களுக்கே அது வராது. எங்கே படித்தீர்கள்?” என்று கேட்டார்.

இலக்கியா அந்த மூக்குக் குரலில் சொன்னாள்: “எங்கயும் படிக்கலைங்க. கொரலே வேணாம்னு சொன்னது எங்க அக்காதாங்க. அதோ, பச்சப் பட்டு கட்டிக்கினு ஒக்காந்துக்கினு இருக்காங்க பாருங்க.”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கைதட்டினார்கள். மாமியார் விலாவில் இடித்து, “எழுந்து கும்புடு” என்றார். எழுந்து கும்பிட்டேன். குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். இல்லை. மனசாரத்தான் சொல்லியிருந்தாள். குத்தல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெருந்தன்மையையும் அவளே வைத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்? ஒரு கூட்டம் எனக்குக் கைதட்டவேண்டும் என்று எத்தனை வருஷம் ஏங்கினேன். தட்டினார்கள். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது அடுத்த படத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மலைமேல் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற பெண்களைப் பற்றியாம். போன வாரம் ரெண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவளைப் பார்க்காமல், வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“இந்தப் படத்துக்கு நான் பேசறேன். பேரு கடைசில வந்தாலும் பரவால்ல.”

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டாள். “ஐயோ, அக்கா. இப்ப எங்க போனாலும் கொரல் இல்லாம படம் எடுக்கிற பொண்ணுன்னுதான் சொல்லிக்கினு இருக்காங்க. நீங்க சொல்லிக்குடுத்ததுதானே? அத எப்பிடிக்கா மாத்தறது?”

கண் எரிந்தது, வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று. கொல்லைக்கு அந்தப்பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, தண்ணீர் பாத்தி நிரம்பி வழிந்தது. எழுந்து கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு, “மோட்டார நிறுத்துங்க!” என்று கத்தினேன். கரும்புக்கு அந்தக் கோடியில் இருந்த காசிநாதன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“இன்னா கொரலுக்கா உங்களுக்கு!” என்றாள் இலக்கியா, பின்னால் இருந்து.

மிச்ச வெங்காயத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டேன்.