ஒரு ஆள் ஜாக்கி

என் சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட எங்கள் வீட்டில் அவ்வளவு யோசித்ததில்லை. ஒரு ஜாக்கி பார்க்க அவ்வளவு யோசித்தார்கள்.

அப்பா ஏழாயிரம்பண்ணையிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். தீபாவளிக்கு முந்தைய சீசனில் வேனின் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனது. கியர் போட்டால் வண்டி உறுமுமே தவிர நகராது. பிளேட்டை மாற்றக் கியர்பாக்ஸைக் கீழே இறக்கியாக வேண்டும். சாத்தூரில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக், ஏற்கெனவே நிற்கும் வண்டிகளைக் காட்டி, தீபாவளி கழித்து வரச் சொல்லிவிட்டார். சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு, அந்த ஒரு நாள் பொறுப்பார்கள். திங்கட்கிழமை காலையிலும் வேன் போகாவிட்டால் கம்பெனியில் வேறு வேனைப் பேசிவிடுவார்கள். போன வேலை பிறகு திரும்பி வராது. அதனால் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா வண்டிக்கு அடியில் படுக்கப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்து நான் அவரைவிட்டு நகரவே இல்லை.

லாரி ஓட்டும் சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டில்போல் உருண்டு நிற்கும் ஒரு பாட்டில் ஜாக்கியைக் கொண்டுவந்தார். லாரியையே தூக்குகிற ஜாக்கி, இந்த வேன் எம்மாத்திரம் என்று அதன் பெருமையைச் சொன்னார். எல்லாம் சரிதான், ஆனால் அதன் தலை டம்ளர் அடி அளவுக்குத்தான் இருந்தது. அதன்மேல் உட்காரும் கியர்பாக்ஸ் எந்தப் பக்கமும் சாயும். ஒருவர் ஜாக்கியை இறக்க, இன்னொருவர் எதிர்ப்பக்கம் படுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தெருவில் ஆண்கள் எல்லோரும் சீசன் வேலைக்குப் போயிருந்தார்கள். "அதான் மதினி இருக்காகளே" என்று சொல்லிவிட்டு, சிவகாசியில் லோடு ஏற்ற வேண்டும் என்று சித்தப்பாவும் கிளம்பிவிட்டார்.

அம்மா கம்பெனியில் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவள். இந்த வேலைக்காகவே அன்று லீவு போட்டிருந்தாள். வேனைத் தூக்கிக் கட்டைகளின்மேல் நிறுத்தக் கைகொடுத்தாள். அப்பா கழற்றிக் கொடுத்த போல்ட்டுகளை வாங்கித் தட்டில் வைத்தாள். கடைசிப் போல்ட்டுக்கு வந்ததும் அப்பா அடியிலிருந்து கூப்பிட்டார்.

"இங்கன வந்து ஒரு கை பிடி. அம்புட்டுத்தான்."

அம்மா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள போகக் கூடாது. வேற ஜாக்கி கொண்டாங்க."

எதற்கெடுத்தாலும் ஒன்றுக்கு இரண்டாகப் பேசும் அப்பா, அதைக் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்தார். வெளியே வந்து கையைக் கழுவினார், சட்டையை மாட்டிக்கொண்டு சாத்தூருக்கு பஸ் ஏறிவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேலை முடிகிற நேரத்தில் அம்மா பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் வந்து பிடித்திருப்பேனே என்று சொன்னதற்கு முதுகில் ஒன்று வைத்தாள்.

மத்தியானம் அப்பா மெக்கானிக்கிடம் கெஞ்சி, ஆட்டோவில் ஒரு டிராலி ஜாக்கியை ஏற்றி வந்தார். சக்கரம் வைத்தது, தலை கிண்ணம்போல் அகலமானது. கைப்பிடி வேனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் ஒரு ஆள் இருந்தால் போதும். கியர்பாக்ஸைக் கயிறு போட்டு அதோடு சேர்த்துக் கட்டிவிட்டு அப்பா மறுபடி அடியில் போனார். அம்மா என்னையும் தம்பியையும் எதிர்வீட்டுச் சுவரோரம் விரட்டிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள்.

"இருக்கீகளா?"

"இருக்கேன்."

அம்மா கைப்பிடியை ஒரு நூல் திருப்புவாள், கேட்பாள், பதில் வந்தபிறகு இன்னொரு நூல் திருப்புவாள். பாதியில் அடியில் ஏதோ இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது. வேன் ஒருமுறை குலுங்கி நின்றது. அம்மா கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். கைப்பிடியை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கவும் அவளால் முடியாது. மூன்றாம் முறை அவள் குரல் எனக்குத் தெரிந்த குரலாகவே இல்லை.

"இருக்கேன். சின்ன நசுக்கல்தான், விரல்ல. நீ இறக்கு."

கியர்பாக்ஸ் ஜாக்கியோடு உருண்டு வெளியே வந்தது. பின்னாலேயே அப்பா வந்தார். அம்மா அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரவோடு இரவாகப் பிளேட்டை மாற்றி, கியர்பாக்ஸை மறுபடி ஏற்றினார்கள். திங்கட்கிழமை காலையில் வேன் வழக்கம்போலப் போனது.

எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தாலும் ஒரே ரூமில் உட்கார மாட்டார்கள். வெடித்தால் ஒருத்தராவது பிள்ளைகளிடம் திரும்பி வர வேண்டும். அப்பா வேன் ஓட்டப் போவதற்கு முன் அவரும் அம்மாவும்கூட வேறு வேறு ரூமில்தான் வேலை பார்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் பெரியவளாகி, கல்யாணமான பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று எதிர்வீட்டுச் சுவரோரம் மூக்கைத் துடைத்துக்கொண்டே, அம்மாவுக்கு அப்பாமேல் பாசமே இல்லை என்று தம்பியிடம் சொன்னேன். அவனும் நம்பினான்.