நான்கு பேர், உரசல் இல்லை

குடிப்பழக்கமே இல்லாத மனிதருக்கு மில்லி என்று பேர் வைத்தால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள். அவருக்கு அந்தப் பேர் மில்லிமீட்டரால் வந்தது. கார்களுக்கு டயர் மாட்டுகிற தொழிலில் முப்பது வருஷம். எதைக் கேட்டாலும் மில்லியில்தான் பதில் சொல்வார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், சுவரில் இருக்கும் படம் இடது பக்கம் இரண்டு மில்லி இறங்கியிருக்கிறது என்று நிமிர்த்திவிட்டு வருவார். அவர் மனைவி முதலில் சிரித்தாள், பிறகு சலித்துக்கொண்டாள், கடைசியில் படத்தையே கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

கடையில் இரண்டே பேர். மில்லியும் அவர் மைத்துனனும், அதாவது மனைவியின் தம்பியும். கண்ணாடி அறையில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் பேசுவது மைத்துனன். காருக்கு அடியில் கிடப்பது மில்லி. மைத்துனன் பேசினால் சைக்கிள் வாங்க வந்தவன்கூட நாலு டயரோடு போவான். மில்லி பேசினால் டயர் வாங்க வந்தவனும் பழையதே போதும் என்று திரும்பிவிடுவான். அதனால் அவரைப் பேசவிடுவதில்லை என்பதே பதினாறு வருஷமாகக் கடையின் ஏற்பாடு, அதில் அவருக்கும் ஒரு குறையும் இல்லை.

தரையோடு தரையாக இறக்கிவைத்த வேகக் கார்கள்தான் அவருடைய தனி வித்தை. ஸ்பிரிங்கை வெட்டியோ மாற்றியோ காரை இறக்கியிருப்பார்கள். பிறகு அகலமான டயர் வேண்டும் என்பார்கள். கார் நிற்கும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கும். நாலு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கும்போதுதான் டயர் மேலே போய் மட்கார்டின் விளிம்பில் உரசும். அந்த விளிம்பு கத்தி மாதிரி. பத்து தடவை உரசினால் டயரின் பக்கச் சுவர் கிழிந்துவிடும்.

இதற்கு மில்லி கண்டுபிடித்த வழி, குழந்தைகள் உருண்டை பிடித்து விளையாடுகிற களிமண். மட்கார்டுக்கு உள்ளே, விளிம்பு நெடுக, அதை விரல் தடிமனுக்கு ஒட்டுவார். காரில் நாலு பேரை ஏற்றுவார். பக்கத்துக் கடை முடிவெட்டுகிறவர், எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர், இன்னும் அகப்பட்டவர்கள். ஜெராக்ஸ்காரர் தொண்ணூற்றாறு கிலோ என்பதால் அவருக்குப் பின்சீட்டு நிரந்தரம். பள்ளிக்கூடத்தெரு வேகத்தடை மேல் காரை ஏற்றி இறக்கி, ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி ஒடித்து, திரும்பி வந்து களிமண்ணைப் பார்ப்பார். டயர் பட்டிருந்தால் அதில் தடம் இருக்கும். தடம் இருந்தால் அந்த டயர் போகாது, காலில் விழுந்தாலும் போகாது.

சோதனை முடிந்ததற்கு ஓர் அட்டை உண்டு. காரின் எண், டயரின் அளவு, ‘நான்கு பேர், உரசல் இல்லை’ என்ற வரி, கீழே மில்லியின் கையெழுத்து. அந்த அட்டையைக் காட்டினால் இன்சூரன்ஸ்காரர்களும் மறு கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் வேலைக்கு நடுவில் கையெழுத்துப் போட்டால் அட்டை முழுக்கக் கிரீஸ் அப்பிவிடும். அழுக்கு அட்டையை வாடிக்கையாளருக்குக் கொடுக்க மைத்துனனுக்குக் கூச்சம். அதனால் திங்கட்கிழமை காலையில், கை சுத்தமாக இருக்கும்போதே, அந்த வாரத்துக்கான இருபது அட்டைகளிலும் மில்லி கையெழுத்துப் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்துவிடுவார். மில்லிக்கு மில்லி அளக்கிற மனிதர் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா என்று கேட்டால், ஆமாம், கொடுத்தார். இழுப்பறையின் சாவி வேற்று ஆளிடமா இருந்தது, கூடப் பிறந்தவன் மாதிரி ஒருவனிடம்தானே இருந்தது.

ஒருநாள் பல் டாக்டர் ஒருவர் சிவப்பு நிறத்தில் ஒரு காரைக் கொண்டுவந்தார். இறக்கியிருந்த இறக்கத்தில் ஒரு செருப்பைக்கூட அடியில் தள்ள முடியாது. பின்சக்கரத்தில் இருந்தது 225 மில்லி அகல டயர், அவர் கேட்டது 265. மில்லி அடியில் படுத்து அளந்தார், களிமண் ஒட்டிப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். 245 வரைக்கும் போடலாம், அதற்கும் காரைப் பதினைந்து மில்லி தூக்கியாக வேண்டும், 265 கேட்டால் வேறு கடை பாருங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று முகம் சுருங்கிப் போனார் டாக்டர். அவர் இருந்த வேகக்கார் சங்கத்தில் நாற்பது பேர் உண்டு. அந்த நாற்பது பேரும் இனி நம் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்று மைத்துனன் அன்று முழுக்கப் புலம்பினான்.

அடுத்த வாரம் மில்லிக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை கையெழுத்தெல்லாம் போட்டுவிட்டு, மத்தியானம் நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்தான். மூன்று நாள் எழவில்லை. மனைவி நெற்றியில் ஈரத்துணி போட்டு மாற்றிக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் எழுந்து சட்டையை எடுத்தவரை அவள் விடவில்லை. இன்னும் ஒரு நாள் படுங்கள், கடை எங்கேயும் ஓடிப்போகாது என்று சட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். இப்படிப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருக்கிறாளே என்று நெகிழ்ந்துபோய் அவரும் படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கடைக்குப் போனதும் சிவப்புக் கார் வந்ததா என்று கேட்டார். அந்த டாக்டர் வேறு எங்கேயோ போய்விட்டார் போலிருக்கிறது என்றான் மைத்துனன், கண்ணிமைக்காமல்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கார் லாரி மேல் ஏறி வந்தது. வளைவில் பின்டயர் வெடித்துத் தடுப்புச்சுவரில் மோதியிருந்தது. டாக்டருக்கும் அவர் மனைவிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்சீட்டில் இருந்த அவர் அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. மில்லி குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார். பக்கச் சுவர் அரத்தால் அறுத்த மாதிரி வட்டமாகக் கிழிந்திருந்தது. அதன் மேல் 265 என்று எழுதியிருந்தது. தன் கடையின் ஸ்டிக்கர் ரிம்மில் ஒட்டியிருந்ததையும் அப்போதுதான் பார்த்தார்.

மைத்துனன் மறைக்கவில்லை, மறைக்க முடியாதே. மாமா காய்ச்சலில் கிடந்த புதன்கிழமை காரை வரவழைத்து, தானே டயரை மாட்டி, களிமண்ணும் இல்லாமல் ஆளும் ஏற்றாமல், இழுப்பறை அட்டையில் ஒன்றை எடுத்து நிரப்பி வைத்திருக்கிறான். மறுநாள் காரை எடுக்க வந்த டாக்டர் கேட்டதற்கு, மாமா சோதனையை முடித்துவிட்டு இப்போதுதான் கிளம்பினார் என்றும் சொல்லியிருக்கிறான். இப்போது அவனுக்கு ஒரு யோசனை இருந்தது. கண்ணாடி அறைக் கதவைச் சாத்திவிட்டு அதைச் சொன்னான்.

“மாமா, நீங்க சோதனை பண்ணீங்க, ஏதோ கவனம் தப்பிப்போச்சுன்னு சொல்லிடுங்க. கவனக்குறைவுன்னா உங்க தொழில் சீட்டை ரெண்டு வருஷம் நிறுத்தி வைப்பாங்க. நான் போட்டேன்னு தெரிஞ்சா அது மோசடி. என்னை உள்ளயே வச்சிடுவாங்க.”

முப்பது வருஷத்தில் மில்லி கை வைத்த ஒரு டயர்கூட உரசியதில்லை. அவரிடம் இருந்த ஒரே சொத்து அதுதான், அதையும் இவன் தூக்கிக் கொடு என்கிறான். முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

இன்சூரன்ஸ் விசாரணை அதிகாரி அட்டையைக் காட்டியபோது, கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் அந்த வாரம் நான் வீட்டில் காய்ச்சலில் கிடந்தேன் என்றார். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா, மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார் அதிகாரி. போகவில்லை. ஜெராக்ஸ்காரரை விசாரித்தால், என்னை வாரத்துக்கு மூன்று காரில் ஏற்றுகிறார்கள், எந்தத் தேதியில் எந்தக் கார் என்று நான் எங்கே கண்டேன் என்றுவிட்டார். மைத்துனனோ, மாமாதான் சோதனை செய்தார் என்று எழுதியே கொடுத்துவிட்டான். அதைப் படித்தபோதுகூட மில்லி கலங்கவில்லை. என் மனைவியைக் கேளுங்கள், நாலு நாளும் என் பக்கத்தை விட்டு நகராமல் இருந்தவள் அவள் என்றார்.

மறுநாள் காலையில் அதிகாரி வீட்டுக்கு வந்தார். கூட உட்கார்ந்தால் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று மில்லி பால்கனிக்குப் போய்த் துவைத்த துணிகளைக் கொடியில் போட ஆரம்பித்தார். கதவு திறந்தேதான் இருந்தது. அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, இன்றோடு இந்தத் தலைவலி ஒழிந்தது என்று.

“காய்ச்சலா?” என்றாள் மனைவி. “உடம்பு வலிக்குதுன்னு சொன்னார் சார். ஆனா ஒருநாள்கூட கடைக்குப் போகாம இருந்ததில்லை. வேலைய விட்டுட்டு வீட்ல உட்கார்ற ஆளே இல்ல அவரு.”

அதிகாரி எழுதிக்கொள்ளும் சத்தம் பால்கனி வரைக்கும் கேட்டது. அவர் மட்டும் நம்பாமல் என்ன செய்வார். புருஷனைப் பெருமையாகப் பேசுகிற பெண் பொய் சொல்கிறாள் என்று யாருக்குத் தோன்றும். மில்லி ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். உள்ளே போய் ஏண்டி இப்படிப் புளுகுகிறாய் என்று கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் துண்டைக் கொடியில் போட்டு இரண்டு ஓரத்தையும் சமமாக இழுத்துவிட்டார். அதிகாரி போய், வாசல் கதவு சாத்தப்பட்ட பிறகுதான் உள்ளே வந்தார்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் உள்ளே போய்விட்டால் அவனுடைய இரண்டு பெண் குழந்தைகளை யார் பார்ப்பார்கள், அவன் பெண்டாட்டிக்கு என்ன தெரியும் என்றாள். “உங்களுக்கு ரெண்டு வருஷம் சீட்டு போகும். அவ்வளவுதானே. நீங்க தாங்கிக்குவீங்க.”

“உனக்கு எப்போ தெரியும்?” என்று கேட்டார் மில்லி.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அன்னிக்கே போன் பண்ணிச் சொன்னான். நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க. டாக்டர் வியாழக்கிழமைதான் காரை எடுக்க வருவார், அதுவரைக்கும் மாமாவை அனுப்பாதேன்னான்.”

நாலாம் நாள் சட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டது அதற்குத்தான். மைத்துனன் முதுகில் குத்தியது அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்த வியாழக்கிழமை கடைக்குப் போயிருந்தால் காரை வெளியே விட்டிருக்கவே மாட்டார், ஒரு வயதானவளின் எலும்பு முறிந்திருக்காது. இதை அவளிடம் சொல்லலாம் என்று நினைத்தார். சொன்னால் இன்னும் கொஞ்சம் அழுவாள், அவ்வளவுதான்.

தீர்ப்பு கவனக்குறைவு என்றே வந்தது. சீட்டு போயிற்று, கடையும் போயிற்று, அவரால் மைத்துனனோடு ஒரு கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை. ஊரில் யார் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும், அடிபட்டவளுக்கு மட்டும் உண்மை தெரிந்தாக வேண்டும் என்ற ஒன்றே அவருக்கு மிச்சமாக இருந்தது. ஒரு சாயங்காலம் டாக்டர் வீட்டு மாடிப்படி ஏறினார்.

டாக்டரின் அம்மா ஓய்வுபெற்ற தட்டச்சுக்காரி. வலது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டு, இடது கையால் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பிக்கொண்டிருந்தாள். எழுத்தெல்லாம் கோணல்மாணல். மில்லி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். திங்கட்கிழமைக் கையெழுத்து, காய்ச்சல், மைத்துனன், போன். கையெழுத்தை முன்கூட்டியே போட்டது தன் தப்புதான் என்பதையும் சொன்னார். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாள். முப்பது வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

“உட்காருப்பா,” என்றாள். அவர் உட்கார்ந்தார். “மச்சினன் சொன்னான்னா நான்கூட நம்பியிருக்க மாட்டேன். இன்சூரன்ஸ்காரர்கிட்ட கட்டின பொண்டாட்டியே சொல்லியிருக்காளே. அவ எதுக்குப்பா புருஷனுக்கு எதிரா பொய் சொல்லணும்? தப்பை ஒத்துக்க மனசு வராது, எனக்கும் தெரியும். ஆபீஸ்ல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.”

மில்லி வாயைத் திறந்தார். சொல்வதற்கு இருந்ததை எல்லாம் சொல்லி முடித்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“என் மனசுல ஒண்ணும் இல்ல,” என்று அவள் இடது கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையிலேயே நல்ல மனுஷி, கண் கலங்கியிருந்தது. “எப்பவோ மன்னிச்சுட்டேன். நீயும் அதையே நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காதே.”

அவள் கையை உதறிவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. “ரொம்ப நன்றிம்மா,” என்றார். செய்யாத தப்புக்கு மன்னிப்பை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.