சாட்சி நேரத்துக்குத் தப்பியவன்

சபையை விட்டு விலகினால் ஒரு வருடத்துக்குள் செத்துவிடுவேன் என்று நம்பினேன். விலகிய அந்த வருடம் புதுச் சட்டைகூட எடுக்கவில்லை. வீணாகத் தைத்து யார் போடுவது?

மேற்கு மாம்பலத்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் கூடிய சபை அது. கல்லூரி முடித்ததிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அங்கேதான் கொட்டினேன். ஆராதனை முடிந்ததும் சாட்சி நேரம். சுகமானவர்களும் வேலை கிடைத்தவர்களும் எழுந்து கர்த்தர் செய்த நன்மையைச் சொல்வார்கள். நடுவில் பாஸ்டர், விலகிப்போனவர்களின் கதைக்கு வருவார். "ஒரு சகோதரர் இருந்தார்..." என்று குரலைத் தாழ்த்தினாலே புரிந்துவிடும். அந்தச் சகோதரர் லாரியில் அடிபட்டிருப்பார், இல்லையென்றால் கிட்னி போயிருக்கும். பெயர் சொல்லமாட்டார், எல்லோருக்கும் தெரியும். கூடமே உச்சுக்கொட்டும். அதில் கொஞ்சம் திருப்தியும் இருக்கும்.

என் அக்காவுக்குக் கரு கலைந்தபோது, "உங்க வீட்ல யாருக்கோ விசுவாசம் பத்தல" என்றார் பாஸ்டர். அன்றோடு மாடி ஏறுவதை நிறுத்தினேன்.

வருடம் முடிந்தது. நான் சாகவில்லை. ஆனால் "ஒரு சகோதரர்" ஆகிவிடக் கூடாதே என்ற பயம் மட்டும் உட்கார்ந்துவிட்டது. சுளுக்கிய காலோடு தி.நகர் கடைத்தெருவில் நொண்டாமல் நடந்திருக்கிறேன், சபைக்காரர் யாராவது எதிரில் வந்துவிட்டால்? டெங்குவில் படுத்தபோது, யார் கேட்டாலும் ஊட்டிக்குப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னேன். வேலை போனபோது தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறி, சும்மா சுற்றிவிட்டு வந்தேன். கடவுள் எப்போதோ என்னை விட்டுப் போய்விட்டார். சபை போகவில்லை.

போன வருடம் ஒரு காலை, அடையாறு வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடது கை மரத்தது. சட்டை வியர்வையில் ஒட்டியது.

"கிளம்புங்க, தெருமுனை ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள் மனைவி. சபையை விட்டு வந்த பிறகு நான் கட்டிக்கொண்டவள். அந்த மாடியைப் பார்த்ததில்லை.

"அங்க வேணாம். ரிசப்ஷன்ல சபைச் சகோதரி ஒருத்தங்க இருக்காங்க."

"இருந்தா இருக்கட்டுமே!"

"இந்த ஞாயித்துக்கிழமை நான்தான் சாட்சி."

"நெஞ்சப் புடிச்சிக்கிட்டுப் பேசற பேச்சா இது? நீங்க போய்ட்டா அவங்க என்ன பேசுவாங்களோ தெரியாது. நான் பேசப்போறது உங்களுக்குக் கேக்காதே, அதான் என் கவலை."

ஆட்டோவில் ஏறியதும் கிண்டி என்றேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், மூஞ்செல்லாம் வேர்த்து ஊத்துது. இங்கயே ஆஸ்பத்திரி கீது, கிண்டிக்கு இன்னாத்துக்கு?"

"அங்கதான் நல்ல டாக்டர்."

சர்தார் படேல் சாலையில் வண்டிகள் நகரவில்லை. என் வாய் என்னைக் கேட்காமலே "இயேசுவின் ரத்தம் ஜெயம், இயேசுவின் ரத்தம் ஜெயம்" என்று முணுமுணுக்க ஆரம்பித்தது.

"அவங்க வேணாம், அவங்க மந்திரம் மட்டும் வேணுமா?" என்றாள் மனைவி. அழுதுகொண்டேதான் கேட்டாள்.

ஓட்டுநர் அதைக் கேட்டுவிட்டார். "சார் நம்ம சபை ஆளா? எங்கூட்டாண்ட ஒரு பாஸ்டர் கீறாரு. போன் போட்டு ஜெபம் பண்ணச் சொல்லட்டா?"

"வேணாம்!" என்று அலறினேன். மிச்சமிருந்த மூச்சு அதில் போனது.

கிண்டியில் ஈசிஜி எடுத்தார்கள். மாரடைப்புதான். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டபோது டிராஃபிக் என்றேன். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சீக்கிரம் வந்திருந்தால் இதயத் தசையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அவர். அதில் ஒரு பகுதி இனி வேலை செய்யாது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

சபையில் இது யாருக்கும் தெரியாது.