கட்டிலில் போட்ட துண்டு

ஞானபாக்கியத்துக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். சாத்தான்குளத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து, வீடில்லாதவர்கள் தங்கும் விடுதிக்குப் பொறுப்பாளராகி ஒன்பது வருஷமாகிறது. அந்த வாய் இல்லாவிட்டால் நாற்பது ஆண்களை ஒரே கூடத்தில் வைத்துச் சமாளிக்க முடியுமா? சோம்ராவிடம் மட்டும்தான் அது எடுபடவில்லை.

சோம்ரா ஜார்க்கண்ட்காரன். துறைமுகத்தில் விடிய விடிய நிலக்கரி அள்ளுவான். காலை ஏழு மணிக்கு அவனுக்கு வேலை முடியும். விடுதியையும் ஏழு மணிக்குத்தான் பூட்டுவார்கள். இரவு விடுதியாம், பகலில் யாரும் படுக்கக் கூடாதாம்! எந்தப் புண்ணியவான் எழுதிய சட்டமோ.

"அக்கா, தூக்கம். ரெண்டு மணி நேரம் போதும்" என்று வாசலில் வந்து நிற்பான்.

"ராத்திரி வாலே."

"ராத்திரி வேலை அக்கா."

அவள் பூட்டைத் தொங்கவிடுவாள். அவன் புறவழிச்சாலை ஓரம் வரிசையாக நிற்கும் டிரெய்லர் லாரிகளுக்கு அடியில் போய்ப் படுப்பான். அந்த வெயிலுக்கு அங்கேதான் நிழல். அவனைப் போல இன்னும் இருபது பேர். போன சித்திரையில் அப்படிப் படுத்திருந்த ஒருவனுக்குக் கால் போய்விட்டது. அன்றிலிருந்து சோம்ரா திரும்பிப் போகும்போதெல்லாம் அவன் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மேலதிகாரியிடம் ஆறு மாதம் நடையாய் நடந்தாள். "பகல்ல தூங்குதவனும் மனுசன்தான சார்? லாரிக்கடியில கெடந்து செத்தாம்னா ஒங்க ரூல்ஸா வந்து தூக்கும்?" என்று ஒரு நாள் கத்தியே விட்டாள். கடைசியில் பகலுக்கும் பத்துக் கட்டில் கிடைத்தது. முந்தி வருகிறவனுக்கு முதல் கட்டில்.

பகல் கட்டில் தொடங்கிய திங்கட்கிழமை எட்டு மணிக்கே லாரி வரிசைக்குப் போனாள். விஷயம் கேட்டவர்கள் விடுதியைப் பார்த்து ஓடினார்கள். சோம்ரா மூன்றாவது டிரெய்லரின் பின்சக்கரத்தை ஒட்டிக் கிடந்தான். கூப்பிட்டாள், காலைப் பிடித்து ஆட்டினாள். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான். அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். அதற்குள் கட்டிலெல்லாம் போய்விடுமே! அந்த வண்டிகள் மதியத்துக்கு முன்னால் நகர்ந்து அவள் பார்த்ததில்லை. முதலில் இடத்தைப் பிடிப்போம், அப்புறம் வந்து இழுத்துக்கொண்டு போவோம் என்று நினைத்தாள்.

டிரைவர் ஏறும் கதவின் கைப்பிடியில் அவனுடைய சிவப்புத் துண்டு முடிந்திருந்தது. காயப் போட்டிருக்கிறான் போல. அவிழ்த்துக்கொண்டாள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அவள் பிடிக்காத இடமா! விறுவிறுவென்று வந்து, ஃபேனுக்கு நேர் கீழே இருந்த கட்டிலில் விரித்தாள். உட்காரப் போனவனை, "ஆள் வருதுலே, அடுத்ததுல படு" என்று விரட்டினாள். மனசு அன்றைக்கு அவ்வளவு நிறைந்திருந்தது.

அரைமணி நேரம் கழித்து அவள் திரும்பியபோது லாரி பத்தடி தள்ளி நின்றது. சுற்றிலும் கூட்டம். டிரைவர் பிரைட்டன் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"துண்டு இல்லக்கா" என்றான். "லோடு ஏத்தச் சீக்கிரம் வரச் சொன்னாங்க. அடியில படுக்கவன் கதவுல துண்ட முடிஞ்சிருப்பான். அதப் பாத்தா குனிஞ்சு எழுப்பிட்டுத்தான் நாங்க வண்டிய எடுப்போம். இன்னைக்குத் துண்டே இல்ல. சத்தியமா இல்லக்கா."

"இருந்துச்சுலே" என்றாள் ஞானபாக்கியம். "நாந்தான் எடுத்தேன்."

போலீஸிடமும், உடலை வாங்க வந்த சோம்ராவின் அண்ணனிடமும் அதையேதான் சொன்னாள். நல்லதுக்குத்தானே செய்தாய் என்றார்கள் எல்லோரும். ஒருவராவது திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பகலில் இப்போது பத்துக் கட்டிலும் நிறைகிறது. அப்படியும் தினமும் காலையில் லாரி வரிசைக்குப் போகிறாள். கதவில் துண்டைக் கண்டால் குனிந்து, ஆள் எழுந்து வெளியே வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டாள். வந்த பிறகும் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நிற்பாள்.

"துண்ட நீயே அவுத்துக்கோலே" என்பாள்.